டெக்சஸில் வில்லால் காட்டுப்பன்றி: மான் செட்டப் அப்படியே போதுமா?

நாண்கட்டி:

மத்திய டெக்சஸில் லானோ பக்கம் 180 ஏக்கர் தனியார் நிலம். உரிமையாளரின் சம்மதம் இருக்கிறது. மானுக்காகச் செட் செய்த வில்லையே பன்றிக்கும் எடுத்துப் போகலாம் என்று திட்டம். விவரம் கீழே:

காம்பவுண்ட் வில் (கப்பி வைத்தது), 55 பவுண்டு இழுவை, டிரா (நாணை இழுக்கும் நீளம்) 28 அங்குலம். அம்பு மொத்தம் 375 கிரெயின் (எடை அலகு), முனையில் 100 கிரெயின் மெக்கானிக்கல் பிராட்ஹெட் (பட்டதும் பிளேடு விரியும் வேட்டை முனை), 2 அங்குல வெட்டு. வேகமானியில் (குரோனோகிராஃப்) வினாடிக்கு 255 அடி. உட்கார்ந்து அம்பு விட 16 அடி உயர ஏணி ஸ்டாண்ட். அதிலிருந்து 6 கெஜத்தில் சோள ஃபீடர் (டைமர் வைத்துச் சோளம் வீசும் பெட்டி).

கேள்விகள்:
1. இந்த அம்பு போதுமா, இல்லை 70 பவுண்டு வில்லுக்கு மாறணுமா?
2. மானுக்கு அடிக்கிற இடம்தானே பன்றிக்கும்?
3. ஃபீடர் பக்கத்துக் கேமராவில் பன்றிகள் தெரிவதெல்லாம் இரவு 11 மணிக்கு மேல். வெளிச்சத்தில் வரவைக்க வழி உண்டா?
4. பன்றிக்கு ரத்தத் தடமே விழாது என்கிறார்கள். பிறகு எப்படித் தேடுவது?
5. லைசென்ஸ் வேண்டுமா?

முள்புதர்:

இரண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதற்குப் பதில் சரியாகப் புரிந்தால் முதல் கேள்வியில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

மானுக்கு அடிக்கிற இடம் பன்றிக்கு ஆகாது. மான் வேட்டையில் "தோளுக்குப் பின்னால் ஒரு கை அகலம், உடம்பின் நடு உயரம்" என்று பழகியிருப்பீர்கள். பன்றியில் அதே இடத்தில் அம்பு விழுந்தால் ஈரல், அதற்கும் கொஞ்சம் பின்னால் போனால் இரைப்பை. பன்றியின் நெஞ்சுக்கூடு மானைவிட முன்னாலும் கீழேயும் இருக்கிறது. இதயம் முன்னங்கால் முட்டிக்கு நேர் மேலே, நெஞ்செலும்பை ஒட்டிக் கிடக்கும். நுரையீரல் பெரும்பாலும் தோளெலும்புக்குள்ளேயே மறைந்திருக்கும்.

உயரத்திலும் ஏமாறுவோம். முதுகில் மயிர் சிலிர்த்து நிற்கும், அதற்குக் கீழே திமில் போலச் சதை. முதுகெலும்பு நாம் நினைப்பதைவிடக் கீழேதான் ஓடுகிறது. ஆகவே மேல் மூன்றில் ஒரு பங்கில் அம்பு பாய்ந்தால் வெறும் சதைதான். பன்றி கீழே விழுந்து, கத்தி, எழுந்து ஓடிவிடும். மறுநாள் கேமராவில் அதே பன்றி சோளம் தின்றுகொண்டிருக்கும்.

குறி: பக்கவாட்டில் நின்றால், முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி நேராக மேலே ஒரு கோடு இழுங்கள். அடிவயிற்றிலிருந்து அந்தக் கோட்டில் மூன்றில் ஒரு பங்கு உயரம். அங்கேதான். நம் பக்கத்து முன்னங்கால் முன்னால் எட்டு வைத்த நொடியில் விடுங்கள், அப்போது தோள் விலகி வழி திறக்கும்.

இதைவிட நல்லது, பன்றி நம்மைவிட்டுச் சற்று விலகித் திரும்பி நிற்கும் கோணம். அப்போது அம்பு நுழையும் இடத்தை யோசிக்காதீர்கள், வெளியே வரவேண்டிய இடத்தை யோசியுங்கள்: எதிர்ப்பக்க முன்னங்கால். அதை நோக்கி விட்டால் நுழைவு கடைசி விலாக்களின் பக்கம் இருந்தாலும் பாதை நுரையீரலைக் கடந்துதான் போகும். இந்தக் கோணத்துக்கு இன்னொரு லாபம், கிடாப்பன்றியின் கேடயத்தைத் தவிர்த்துவிடும். முதிர்ந்த கிடாவுக்குத் தோளின் மேலும் விலாவின் முன்பகுதியிலும் குருத்தெலும்பு போலக் கெட்டியான தோல் தட்டு இருக்கும். பெரிய கிடாவில் ஒரு அங்குலம், அதற்கு மேலும். சண்டையில் தந்தம் குத்தாமலிருக்க இயற்கை போட்ட கவசம். நேரெதிராக நிற்கும் பன்றிக்கும் தலைக்கும் அம்பு விடவே வேண்டாம்.

இப்போது அம்பு. 70 பவுண்டுக்கு மாற வேண்டாம். குளிரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பிறகு, சத்தமில்லாமல், கையை உயர்த்தாமல் நேராக இழுக்க முடிகிற எடைதான் உங்கள் எடை. கணக்கைப் பாருங்கள்: 375 கிரெயின் 255 அடி வேகத்தில் 54 அடி-பவுண்டு ஆற்றல். அம்பை 460 கிரெயினாக்கினால் வேகம் 232 வரை இறங்கும், ஆற்றல் 55. அதாவது ஆற்றலில் மாற்றமே இல்லை. ஆனால் உந்தம் சுமார் 12 சதவீதம் ஏறுகிறது. கெட்டியான தோல், சேறு, எலும்பு இவற்றைத் தள்ளிக்கொண்டு போவதற்கு அதுதான் வேண்டும். வில்லின் சத்தமும் குறையும்.

460 வருவது இப்படி: அங்குலத்துக்கு 9 கிரெயின் கார்பன் தண்டு 28.5 அங்குலம், 256. பித்தளை இன்செர்ட் 50. முனை 125. இறகும், நாணில் பொருந்தும் பின்முனையான நாக் (nock) என்பதும் சேர்ந்து 30. முன்னால் கனம் ஏறினால் தண்டு வளைவது கூடும், ஆகவே 400 ஸ்பைன் (தண்டின் விறைப்பு எண், குறைந்தால் விறைப்பு அதிகம்) தளர்ந்துவிடும். 340 எடுங்கள். முன்கனத்தை அளக்க, நாக் குழியிலிருந்து அம்பு சமநிலை நிற்கும் இடம் வரை அளந்து, நீளத்தின் பாதியைக் கழித்து, நீளத்தால் வகுங்கள். 28.5 அங்குல அம்பு 18-ல் நின்றால் 13 சதவீதம். அது போதும். 25, 30 என்று துரத்துகிறவர்களை விட்டுவிடுங்கள்.

கனம் மாறியதும் சைட்டை (குறிபார்க்கும் கருவி) அம்பு விழும் இடத்துக்குப் புதிதாக ஜீரோ பண்ண மறக்காதீர்கள். 20 கெஜத்திலேயே இரண்டு, இரண்டரை அங்குலம் கீழே இறங்கும்.

சேவல்கொடி:

எல்லாம் சரி, மெக்கானிக்கலைப் பற்றி முள்புதர் அண்ணன் எதுவும் சொல்லலையே. 2 அங்குல வெட்டு திறக்கும்போது ரத்தம் கொட்டுமே. பன்றிக்கு ரத்தம் விழாதுங்கிறதுதான் பிரச்சனைன்னா பெரிய ஓட்டைதானே பதில்? 100 பவுண்டு பெட்டைக்குக் கேடயமும் கிடையாது. நான் மெக்கானிக்கல் பக்கம்தான்.

முள்புதர்:

100 பவுண்டு பெட்டைதான் வரும் என்று உறுதி இருந்தால் ஒத்துக்கொள்கிறேன். ஃபீடருக்கு யார் வருவார் என்று யாருக்குத் தெரியும்?

இரண்டு அங்குல பிளேடு திறக்கவே ஆற்றல் செலவாகிறது, அத்தனை அகலமாக வெட்டிக்கொண்டே போவதற்கு இன்னும் செலவு. 65, 70 பவுண்டு வில்லில் அது தாங்கும். 55-ல், அம்பு நடுவழியில் நின்றுவிடும் வாய்ப்பு அதிகம். நின்றுவிட்டால் ஒரே ஓட்டை, அதுவும் மேலே. மேல் ஓட்டையில் ரத்தம் நெஞ்சுக்குள்ளேயே நிரம்பும், தரைக்கு வராது. இரண்டு ஓட்டை, அதில் ஒன்று கீழே இருந்தால்தான் தடம். ஆகவே சின்ன வெட்டோடு ஊடுருவி வெளியே போகிற, பிளேடு அசையாத ஃபிக்ஸட் முனையே இந்த வில்லுக்கு. தொட்டதும் வெட்டும் இரண்டு பிளேடு, அல்லது 1⅛ அங்குல மூன்று பிளேடு.

ஃபிக்ஸட் போட்டால் டியூனிங் முக்கியம். பயிற்சி முனையும் பிராட்ஹெட்டும் 30 கெஜத்தில் ஒரே இடத்தில் விழ வேண்டும். பிராட்ஹெட் இடப்பக்கம் விழுந்தால் ரெஸ்ட்டை (வில்லில் அம்பைத் தாங்கும் பாகம்) வலப்பக்கம் நகர்த்துங்கள், ஒரு தடவைக்கு 1/32 அங்குலம்தான். கீழே விழுந்தால் ரெஸ்ட்டை மேலே. சைட்டைத் தொடக்கூடாது. சைட்டைத் திருப்பி இரண்டையும் சேர்க்கப் பார்ப்பது பலரும் செய்யும் தவறு: அம்பு சாய்ந்தே பறக்கும், சாய்ந்து பாயும் அம்பு ஊடுருவலை இழக்கும்.

பிளேடு, பையில் இருந்து எடுத்த நாளிலேயே கையின் ரோமத்தைச் சிரைக்க வேண்டும். சிரைக்காவிட்டால் தீட்டுங்கள். பயிற்சிக்கு விட்ட முனையைத் தீட்டாமல் வேட்டைக்குப் பூட்டவேண்டாம்.

ஈச்சமரம்:

உங்கள் ஸ்டாண்டுதான் எனக்குக் கவலை. 16 அடி உயரம், 6 கெஜ தூரம். இது 41 பாகைச் சரிவு. பன்றியின் நெஞ்சு அகலம் 12 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், அம்பு நுழைந்த இடத்துக்கும் வெளியேறும் இடத்துக்கும் உயர வித்தியாசம் 10 அங்குலத்துக்கு மேல். ஒரு பக்க நுரையீரல் மட்டும் கிடைத்து, மறுபக்கம் தப்பிவிடும். ஒற்றை நுரையீரலோடு பன்றி அரை மைல் போகும்.

அதே ஸ்டாண்டை 15 கெஜத்துக்குத் தள்ளினால் சரிவு 20 பாகை, வித்தியாசம் சுமார் 4¼ அங்குலம். ஆகவே ஃபீடரை 15 முதல் 18 கெஜத்துக்கு நகர்த்துங்கள். கிட்டே இருந்தால் சுலபம் என்ற எண்ணம் உயரத்தில் எடுபடாது. ஸ்டாண்டில் ஏறி இறங்கும்போதும் ஹார்னஸ் (விழாமல் தாங்கும் பட்டை) மாட்டியிருக்க வேண்டும், உட்கார்ந்த பிறகு மாட்டுவது மட்டும் போதாது.

அடுத்தது காற்று. பன்றிக்குக் கண் மட்டம், காது நன்று, மூக்கு பிரமாதம். உருமறைப்புத் துணிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு டால்கம் பவுடர் குப்பி வாங்கினால் போதும், ஒரு தட்டு தட்டினால் காற்று போகும் திசை தெரியும். மத்திய டெக்சஸில் வெயில் காலத்தில் பெரும்பாலும் தெற்கு, தென்கிழக்குக் காற்று. அதனால் ஸ்டாண்ட் ஃபீடருக்கு வடக்கே இருக்க வேண்டும். குளிர் முன்னணி வந்தால் காற்று வடக்கிலிருந்து திரும்பும். அன்றைக்கு அந்த ஸ்டாண்டில் உட்கார வேண்டாம், கேமராவில் எத்தனை பன்றி வந்திருந்தாலும். சூரியன் இறங்கியதும் குளிர்ந்த காற்று பள்ளத்துக்கு இறங்கும். ஓடையின் புதரிலிருந்து பன்றிகள் மேலே ஏறி வரும் நேரமும் அதுவே. மேட்டில் உட்கார்ந்தால் உங்கள் வாசனை அவற்றை எதிர்கொண்டு போகும்.

பகலில் வரவைப்பது பற்றி: முழு வெளிச்சத்துக்கு எதிர்பார்க்க வேண்டாம். வெயில் மாதங்களில் பன்றி இரவுப்பிராணியாகவே ஆகிவிடும், வியர்வை இல்லாத உடம்பு. குளிர்காலத்தில் மாலை நல்ல வாய்ப்பு. ஃபீடரின் டைமரை இருட்டுவதற்கு அரை மணி முன்பு ஒருமுறை மட்டும், 6 நொடி சுற்றும்படி வையுங்கள். மான்களும் ரக்கூன்களும் தின்றுமுடிப்பதற்குள் வர வேண்டும் என்று பன்றிகளும் கற்றுக்கொள்ளும். அதுவும் பத்துப் பதினைந்து நாள் பிடிக்கும். முக்காலி ஃபீடராக இருந்தால் மூன்று காலையும் இரும்பு டி-போஸ்ட்டில் (தரையில் அடிக்கும் வேலிக் கம்பம்) கட்டுங்கள், இல்லாவிட்டால் உருட்டித் தள்ளிவிடும். சுற்றிலும் வேலிப் பேனல் போட்டிருந்தால் அது மானுக்கான ஃபீடர், பன்றி நுழையாது. உரிமையாளரிடம் கேளுங்கள்.

ஃபீடரைவிடப் புளிக்கவைத்த சோளம் பன்றியை ஒரே இடத்தில் நிறுத்தும். 5 கேலன் வாளியில் மூன்றில் இரண்டு பங்கு காய்ந்த சோளம். மூன்று அங்குலம் மேலே நிற்கும்படி தண்ணீர். இரண்டு கப் சர்க்கரை, ஒரு பாக்கெட் ஈஸ்ட், ஸ்ட்ராபெரி ஜெல்லிப் பொடி ஒன்று. மூடியைத் தளர்த்தி வைக்க வேண்டும். இறுக்கினால் வாயு கட்டி மூடி பறக்கும், நாற்றம் வாரக்கணக்கில் போகாது. வெயிலில் 5 முதல் 7 நாள். ஊறும்போது சோளம் உப்பும், தண்ணீர் குறைந்தால் ஊற்றுங்கள்.

தூண் குழி தோண்டும் கருவியால் இரண்டரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, பாதிச் சோளத்தை ஊற்றி, மண் போட்டு, மேலே மீதி. பன்றி தலையைக் குழிக்குள் விட்டுத் தோண்டிக்கொண்டிருக்கும்போது எதையும் பார்க்காது, வில்லை இழுப்பதற்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. குழியை எந்தப் பக்கம் தோண்டுகிறோம் என்பதைப் பொறுத்து, பன்றி நிற்கும் கோணமும் ஓரளவு நம் கையில். சோளத்தில் டீசல் ஊற்றச் சொல்லும் பழைய யோசனை இன்னும் சுற்றுகிறது. செய்யாதீர்கள், மண் கெட்டுப்போகும், நிலம் உங்களுடையது அல்ல.

நாண்கட்டி:

இருவருக்கும் நன்றி. ஃபீடரை 16 கெஜத்துக்கு மாற்றலாம். சேவல்கொடி சார், இரவு வெளிச்சத்துக்கு என்ன வைக்கலாம்? மற்ற இரண்டு கேள்விகளும் பாக்கி.

சேவல்கொடி:

பச்சை அல்லது சிவப்பு எல்.ஈ.டி., ஃபீடரின் அடியில் தொங்குற மாதிரி, அசைவு தெரிஞ்சா மெதுவா ஏறுற வகை. பட்டுன்னு எரிஞ்சா கூட்டம் கலைஞ்சிடும். நீங்க உட்காராத நாளிலும் வாரம் முழுக்க எரியவிடுங்க, பன்றி பழகணும். சைட்டில் குறிமுள்ளோட (pin) விளக்கை ரொம்பக் குறைச்சு வைங்க. அதிகமானா முள் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், பன்றி தெரியாது. பீப் (நாண்ல கண் வெச்சுப் பார்க்கிற துளை) 3/16 அங்குலம்னா கால் அங்குலத்துக்கு மாத்துங்க. மாத்தினதும் பகல்ல ஒரு தடவை, அந்த விளக்குல ஒரு தடவை டார்கெட்ல அடிச்சுப் பார்க்கணும். ஒளிரும் நாக் போட்டா அம்பு எங்கே பட்டதுன்னு தெரியும், அதுவே தேடலில் பாதி.

கூட்டமா வந்தா முதல்ல வர்ற பெட்டையை அடிக்காதீங்க. மத்ததெல்லாம் தலையைக் கீழே போட்டுத் தின்ன ஆரம்பிக்கிற வரைக்கும் காத்திருங்க. ஒன்னு பின்னால இன்னொன்னு நிக்கும், ஊடுருவின அம்பு அடுத்த குட்டியைக் காயப்படுத்தும். பின்னால காலியாங்கறதைப் பார்த்துட்டு விடுங்க.

தேடல் என்னைப் பொறுத்தவரை: 30 நிமிஷம் உட்காருங்க, அப்புறம் போங்க. சுலபம்.

முள்புதர்:

30 நிமிடம் இரண்டு நுரையீரலும் போனால் மட்டும். எல்லாவற்றுக்கும் 30 என்று சொல்லாதே தம்பி.

முதலில் அம்பைத் தேடுங்கள். அதில் இருப்பதுதான் கடிகாரம். இளஞ்சிவப்பு, நுரை இருந்தால் நுரையீரல், 30 நிமிடம். பெரும்பாலும் 100 கெஜத்துக்குள் கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், மூன்று நான்கு மணி நேரம். பச்சை, பழுப்பு, சாண நாற்றம் என்றால் குடல், குறைந்தது ஆறு மணி நேரம். வெறும் கொழுப்பும் மயிரும் ஒட்டியிருந்தால் மேலேயோ கீழேயோ உரசியிருக்கிறது.

கோடை இரவில் ஆறு மணி நேரம் விட்டால் கறி கெட்டுவிடும், உண்மை. ஆனாலும் காத்திருங்கள். குடலில் பட்ட பன்றி முதல் புதரிலேயே படுத்துவிடும். உடனே போய்க் கிளப்பினால் அடுத்த மைலுக்குப் போகும், அப்புறம் கறியும் இல்லை, பன்றியும் இல்லை.

ரத்தம் விழாததற்குக் காரணம் இரண்டு. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு நகர்ந்து ஓட்டையை அடைக்கிறது. வெளியே வருவதைச் சேறு படிந்த கெட்டி மயிர் உறிஞ்சுகிறது. முதல் 30, 40 கெஜத்துக்கு ஒரு சொட்டுக்கூட இல்லாமலிருக்கலாம். தரையை மட்டும் பார்க்காதீர்கள். முழங்கால் உயரத்தில் புல்லின் பக்கங்களில், செடியின் தண்டில் தேய்த்த ரத்தம் இருக்கும். கடைசி ரத்தம் கண்ட இடத்தில் ஒரு கழிப்பறைத் தாளைக் கட்டுங்கள், அங்கிருந்து வட்டம் போடுங்கள். ஓடும்போது எந்த மரத்தைத் தாண்டியது, எங்கே சத்தம் நின்றது என்பதை அம்பு விட்ட இடத்தில் உட்கார்ந்தே மனதில் குறித்துவையுங்கள். அடிபட்டது நீர், ஓடைப்பள்ளம், முட்புதர் பக்கம்தான் இறங்கும்.

புதருக்குள் தவழ்ந்து போகாதீர்கள், தனியாகப் போகவே போகாதீர்கள். தொடையில் தந்தம் கிழித்தால் தமனி அங்கேதான் ஓடுகிறது. பையில் ஒரு டூர்னிகே (ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கும் பட்டை) இருக்கட்டும். கிடக்கும் பன்றியைப் பின்பக்கமாக நெருங்கி, நீளக் குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமைத்தால் இன்னொரு அம்பு.

ஈச்சமரம்:

சட்டம்: 2019 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு காட்டுப்பன்றி வேட்டைக்கு லைசென்ஸ் தேவையில்லை. சீசனும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை, இரவிலும் செய்யலாம். இரவில் விளக்கோடு உட்காரும் முன் உள்ளூர் கேம் வார்டனுக்கு (வேட்டைச் சட்ட அதிகாரி) ஒரு போன் செய்துவிடுவது வழக்கம், மானைத் திருட்டு வேட்டையாடுகிறார்கள் என்று யாராவது புகார் கொடுத்தால் குழப்பம் வராது. அரசு நிலத்தில் லைசென்ஸ் வேண்டும், ஒவ்வொரு இடத்துக்கும் தனி விதி.

விசாவில் இருப்பவர்கள் கவனிக்க: ஹெச்1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டம் தடை செய்கிறது, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு. வில் இதில் வராது. ஆனால் தேடலுக்குப் பாதுகாப்பாக நண்பரின் கைத்துப்பாக்கியை வாங்கி இடுப்பில் செருகினால் அது குற்றம். பன்றிக்குத் தேவையில்லாவிட்டாலும் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள். ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: இந்தியாவில் காட்டுப்பன்றி 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, இங்கே எழுதியது எதையும் அங்கே செய்ய முடியாது.

லானோவிலிருந்து தெற்கே, மேற்கே போனால் ஹாவலீனா (javelina) என்ற வேறு விலங்கும் வரும். இரவில் சின்னப் பன்றி போலத் தெரியும், கழுத்தில் வெளிர் பட்டை, வால் கண்ணுக்கே தெரியாது. அது பன்றி இல்லை, லைசென்ஸும் எண்ணிக்கை வரம்பும் உண்டு.

கறி: கையுறை இல்லாமல் கத்தியை எடுக்காதீர்கள். புரூசெல்லா சுயிஸ் என்ற கிருமி ரத்தத்திலும் இனப்பெருக்க உறுப்புகளிலும் இருக்கும், கையில் சின்னக் கீறல் போதும். வாரக்கணக்கில் காய்ச்சல் வந்து போகும். அப்படி வந்தால் மருத்துவரிடம் பன்றி அறுத்ததைச் சொல்லுங்கள், தானாக யாரும் யோசிக்க மாட்டார்கள். நாய்க்குப் பச்சைக் கழிவு போடவே கூடாது, சூடோரேபிஸ் நாயைக் கொன்றுவிடும். உறைய வைத்தாலோ புகை போட்டாலோ உப்புக்கண்டம் போட்டாலோ கிருமி செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். உள்வெப்பம் 71 பாகை செல்சியஸ் தொட வேண்டும். நம்முடைய குக்கர் குழம்புக்கு இது பிரச்சனையே இல்லை, கிரில்லில் வாட்டுகிறவர்கள்தான் தெர்மாமீட்டர் வாங்க வேண்டும்.

தோலுரிக்கும்போது கத்தியால் தோலை உட்புறத்திலிருந்து வெளியே வெட்டுங்கள். வெளியிலிருந்து வெட்டினால் மயிரில் இருக்கும் மணலில் பத்து நிமிடத்தில் முனை மழுங்கும், மயிரும் கறியில் ஒட்டும். சப்பைகளை ஐஸ்பெட்டியில் ஐஸின் மேல் வைத்து, தண்ணீர் வடியத் திருகைத் திறந்து விடுங்கள். சாப்பாட்டுக்கு 60 முதல் 100 பவுண்டு பெட்டை. 200 பவுண்டு கிடா சமைத்தால் வீடு முழுக்க நாறும், எத்தனை இஞ்சி பூண்டு போட்டாலும். கொழுப்பு நீலமாக இருந்தால் அப்படியே புதையுங்கள், வார்ஃபரின் கலந்த நஞ்சுத் தீனி தின்ற பன்றி அது. அந்த மருந்தில் நீலச்சாயம் சேர்ப்பதே இதற்காகத்தான்.

சேவல்கொடி:

குடல் விஷயத்தில் அண்ணன் சொன்னது சரி, 30 நிமிஷத்தை வாபஸ் வாங்கறேன். மெக்கானிக்கலை மட்டும் விடமாட்டேன்.

இன்னொன்னு. நிலத்துக்காரர் பயிர்ச் சேதத்துக்காகக் கூப்பிட்டிருந்தா, வில்லால எண்ணிக்கை குறையும்னு வாக்குக் கொடுக்காதீங்க. பெட்டை 115 நாள்ல ஈனும், ஒரு ராத்திரிக்கு ஒரு அம்புதான் கிடைக்கும். ஒன்னு விழுந்ததும் மீதிக் கூட்டம் அந்தக் குழிப்பக்கம் வாரக்கணக்கில் வராது. அவருக்கு வேண்டியது முழுக் கூட்டமும் உள்ளே போற வரைக்கும் கதவை விழவிடாத வட்டப் பட்டி. அவர் பட்டி போட்டிருந்தா, அதைச் சுத்தி கால் மைலுக்கு அம்பே விடாதீங்க. உயிரோட பிடிச்சதை வேற நிலத்துக்குக் கொண்டுபோய் விடறதும் சட்டவிரோதம்.

நாண்கட்டி:

பட்டி இருக்கிறது, தென்மேற்கு மூலையில். ஸ்டாண்ட் அதிலிருந்து 300 கெஜம்தான். சனிக்கிழமை ஸ்டாண்டையும் ஃபீடரையும் வடகிழக்குப் பக்கம் கொண்டுபோய், 340 தண்டுக்கு ஆர்டர் போடுகிறேன்.